தப்பா, துப்பா? கோர்ட் கொலை மர்மத் தொடர்களில் பிழை பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காதல் கதையில் நாயகியின் காதணி ஒரு ஷாட்டில் இருந்து அடுத்த ஷாட்டில் காணாமல் போனால் அது தப்பு, அவ்வளவுதான், சிரித்துவிட்டுப் போகலாம். கொலைக் கதையில் அதே காதணி காணாமல் போனால் அது தப்பாகவும் இருக்கலாம், துப்பாகவும் இருக்கலாம். இது புரியாமல் நான் நிறைய அசடு வழிந்திருக்கிறேன். ஒரு எபிசோடில் மேஜையின் வலது பக்கம் இருந்த காகிதம் வெட்டும் கத்தி, பிணத்தைக் கண்டுபிடிக்கும் காட்சியில் இடது பக்கம் இருந்தது. பெருமையாகக் குறித்துவைத்துக்கொண்டேன். கடைசி ஐந்து நிமிடத்தில் வக்கீல் அதைத்தான் எடுத்துப் பேசினார்: கொலையாளி இடது கைக்காரன், பழக்க தோஷத்தில் கத்தியை அந்தப் பக்கம் வைத்துவிட்டான். நான் எழுதிய குறிப்பு அப்படியே குப்பைக்குப் போனது.

அதனால் இந்த வகைத் தொடரில் பிழை பிடிக்க ஒரு வரிசை வேண்டும். நான் பின்பற்றுகிற வரிசை இது. உதாரணங்களைப் பெரும்பாலும் அமெரிக்கத் தொடர்களில் இருந்தே எடுக்கிறேன், ஏனென்றால் சாட்சிக் கூண்டிலேயே கொலையாளி உடைந்து அழுகிற இந்தப் பாணியை டிவியில் வழக்கமாக்கியது அவர்கள்தான்.

1. முதல் தடவை நோட்டுப் புத்தகத்தைத் தொடாதீர்கள்

முழு எபிசோடையும் ஒரு முறை சும்மா பாருங்கள். யார் கொன்றார், எப்படி, எப்போது என்பது தெரிந்த பிறகுதான் எது பொய்ச் சாட்சி, எது கதாசிரியரின் கவனக்குறைவு என்று பிரிக்க முடியும். ஒரு கதாபாத்திரம் "ஒன்பது மணிக்கு அவரைப் பார்த்தேன்" என்று சொல்லி, முன்பு பார்த்த காட்சியில் மணி எட்டரை என்று இருந்தால், அந்த ஆள் பொய் சொல்கிறாரா என்பது முடிவு தெரியாமல் தெரியாது.

முதல் பார்வையில் மனசில் உறுத்துகிறதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உறுத்தல் பெரும்பாலும் நிஜமான இடத்தில்தான் வரும்.

2. எந்த ஊர், எந்த வருஷம், எந்த விசாரணை?

பிழை பட்டியல் போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பெர்ரி மேசன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 முதல் 1966 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் வந்தது, 271 எபிசோட், ரேமண்ட் பர் வக்கீலாக நடித்தார். "கொலை வழக்கு நடக்கிறது, ஜூரியையே காணோமே, என்ன கோர்ட் இது?" என்று பலருக்குத் தோன்றும். ஜூரி என்பது தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழு. அவர்கள் இல்லாதது தொடரின் தப்பு இல்லை. அந்தத் தொடரின் கோர்ட் காட்சிகளில் பெரும்பாலானவை முதல்கட்ட விசாரணைகள். குற்றம் சாட்டப்பட்டவர்மேல் முழு வழக்கு நடத்தப் போதுமான முகாந்திரம் இருக்கிறதா என்று நீதிபதி மட்டும் பார்க்கிற கட்டம் அது, கலிபோர்னியாவில் அதற்கு ஜூரி கிடையாது. பன்னிரண்டு துணை நடிகர்களை உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பது தயாரிப்பாளருக்கு உபரி லாபம்.

ஆனால் அதே விஷயத்தில் நிஜமான பிழையும் ஒளிந்திருக்கும். முதல்கட்ட விசாரணையில் யாராவது "சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை" என்று வாதாடினால் அது பிழை, அந்த அளவுகோல் முழு வழக்குக்கு உரியது. அந்தக் கட்டத்தில் விடுவிக்கப்பட்டவர் "இனி என்மேல் வழக்கே போட முடியாது" என்று கொக்கரித்தால் அதுவும் பிழை. ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்கிற பாதுகாப்பு, ஜூரி இருந்தால் அவர்கள் பதவிப் பிரமாணம் எடுத்த பிறகும், ஜூரி இல்லாத வழக்கில் முதல் சாட்சி பிரமாணம் எடுத்த பிறகும்தான் ஆரம்பிக்கிறது. முதல்கட்ட விசாரணைக்கு அது பொருந்தாது.

வருஷமும் அதே போலத்தான். "நீங்கள் மௌனமாக இருக்க உரிமை உண்டு" என்று போலீஸ் ஒப்பிக்கும் வாசகத்துக்குப் பெயர் கொடுத்த மிராண்டா தீர்ப்பு வந்தது 1966 ஜூன் 13. பெர்ரி மேசனின் கடைசி எபிசோட் ஒளிபரப்பானது அதற்கு மூன்று வாரம் முன்னால், மே 22. ஆக, 1958-இல் நடக்கும் கதையில் போலீஸ் அதைச் சொல்லவில்லை என்று குறை சொல்வது நம்முடைய பிழை. இப்போது எடுக்கப்பட்டு 1958-இல் நடப்பதாகக் காட்டும் தொடரில் போலீஸ் அதை ஒப்பித்தால் அது அவர்களுடைய பிழை. டிஎன்ஏ அடையாளமும் இப்படித்தான்: இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் அதைக் கண்டுபிடித்தது 1984-இல், அதற்கு முந்தைய கதையில் யாரும் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அரசுத் தரப்பு தனக்குப் பாதகமான ஆதாரத்தை மறைத்தால், அதை 1963-க்கு முன், பின் என்று பிரித்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற பிரேடி தீர்ப்பு அந்த வருஷம்தான் வந்தது.

நாடும் முக்கியம். மரச் சுத்தியலைத் தட்டும் நீதிபதி அமெரிக்காவில் சரி. கதை லண்டனில் நடந்தால் அந்தச் சுத்தியல் பிழை, இங்கிலாந்து நீதிபதிகளுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

3. காலவரிசை: இரண்டு பத்தி போடுங்கள்

இரண்டாம் முறை பார்க்கும்போது தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் நாம் கண்ணால் பார்த்தது, வலது பக்கம் யாராவது வாயால் சொன்னது. இரண்டையும் கலந்து எழுதினால் வேலை கெட்டது. வலது பக்கத்தில் முரண்பாடு வந்தால் அது பெரும்பாலும் கதை. இடது பக்கத்தில் வந்தால் அது பெரும்பாலும் பிழை. சாட்சி சொல்லச் சொல்ல விரியும் பழைய காட்சி இருக்கிறதே, அதை வலது பக்கத்தில் போடுங்கள். அது காட்டப்பட்டது மாதிரி இருக்கும், உண்மையில் சொல்லப்பட்டதுதான்.

சுவரில் தெரியும் ஒவ்வொரு கடிகாரத்தையும், மேஜையில் தெரியும் ஒவ்வொரு காலண்டரையும், எபிசோடின் எந்த நிமிடம் எந்த விநாடி என்பதோடு குறித்துக்கொள்ளுங்கள். தேதியும் கிழமையும் சேர்ந்து வந்தால் சரிபார்த்துவிடுங்கள், இதற்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் நிறையப் பேர் இங்கே விழுவார்கள். 1958 நவம்பர் 14 வெள்ளிக்கிழமை. எபிசோடில் சாட்சி அந்தத் தேதியைச் சொல்லிவிட்டு "அன்று ஞாயிறு, ஆபீஸ் இல்லை" என்றால் பிடித்துக்கொள்ளலாம். வருஷம் சொல்லப்படாவிட்டால் விட்டுவிடுங்கள், ஏதோ ஒரு வருஷத்தில் அந்தத் தேதி ஞாயிறாக இருந்தே தீரும்.

நிலா தனி ரகம். பௌர்ணமி நிலா சூரியன் மறைகிற நேரத்தில் எழும், நடு இரவில் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். வளர்பிறையின் பாதி நிலா நடு இரவுவாக்கில் மறையும். மாலையில் மெல்லிய பிறையைக் காட்டிவிட்டு, அதே இரவு பன்னிரண்டு மணிக்கு "நிலா வெளிச்சத்தில் முகம் தெளிவாகத் தெரிந்தது" என்று சாட்சி சொன்னால், அவர் பொய் சொல்கிறார் அல்லது கதாசிரியர் வானத்தைப் பார்க்கவில்லை. இது வெறும் டிவி விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1858-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் பியர்ட்ஸ்டவுனில் நடந்த கொலை வழக்கில், நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்று சொன்ன சாட்சியை, பஞ்சாங்கத்தைக் காட்டி மடக்கியவர் ஆபிரகாம் லிங்கன். அந்த நேரத்தில் நிலா அடிவானத்தை நோக்கி இறங்கிவிட்டிருந்தது என்று பஞ்சாங்கம் சொன்னது. கட்சிக்காரர் விடுதலை ஆனார். சாட்சி தூக்கிவைத்த நிலாவை வக்கீல் இறக்கிவைத்ததைத்தான் நாமும் சோபாவில் உட்கார்ந்து செய்கிறோம்.

பயண நேரம், போன் செய்த நேரம் எல்லாம் இதே தாளில் வந்துவிடும். பழைய சுழற்று போனில் இன்னொரு சுகம் உண்டு: எத்தனை முறை விரல் சுழற்றுகிறது என்று எண்ணுங்கள். ஏழு எண் இருக்க வேண்டிய இடத்தில் நாலு சுற்றில் ஆள் எடுத்துவிடுவார்.

4. சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை

கன்டினியுட்டி பிழைக்கு, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறிப்போவதைப் பிடிக்க, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வசனம் கேட்டால் கண் பேசுகிறவர் முகத்திலேயே நிற்கும். சத்தம் இல்லை என்றால் கண் தானாக மேஜைக்கும் கைக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் போகும்.

ஏன் இந்தப் பிழைகள் வருகின்றன என்று புரிந்தால் எங்கே தேடுவது என்பதும் புரியும். ஒரு கோர்ட் காட்சியை முதலில் முழுசாக, எல்லாரும் தெரிகிற மாதிரி எடுப்பார்கள். அப்புறம் அதையே வக்கீல் முகத்துக்கு ஒரு தடவை, சாட்சி முகத்துக்கு ஒரு தடவை, நீதிபதிக்கு ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப எடுப்பார்கள். விளக்கைத் திருப்பி வைப்பது பெரிய வேலை என்பதால் ஒரு பக்கம் பார்க்கிற ஷாட்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் மறுபக்கம் திரும்புவார்கள். ஆக, திரையில் இரண்டு விநாடி இடைவெளியில் வரும் கேள்வியும் பதிலும் படப்பிடிப்பில் பல மணி நேரம் தள்ளி எடுக்கப்பட்டிருக்கும். யார் எந்த வார்த்தையில் கண்ணாடியைக் கழற்றினார் என்று எழுதி வைக்கவே ஒருவர் இருப்பார். அவர் எழுதினாலும், எடிட்டர் அறையில் நடிப்பு நன்றாக இருக்கிற டேக்தான் ஜெயிக்கும். கையில் இருக்கும் சிகரெட் நீளம் மாறுகிறது என்பது எடிட்டருக்கும் தெரியும், தெரிந்துதான் விட்டிருப்பார்.

இதனால் தேட வேண்டிய இடம் ஷாட் மாறுகிற நொடி. குறிப்பாகச் சாட்சிக் கூண்டுப் பக்கம். ஒரு பழைய கறுப்பு வெள்ளை எபிசோடில் தண்ணீர்க் கோப்பையை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தேன். சாட்சி உட்காரும்போது முக்கால் கோப்பை. ஒரு வாய் குடிக்கிறார், பாதி. வக்கீல் கேள்வி கேட்கிறார், திரும்பச் சாட்சியைக் காட்டும்போது முக்கால். சாட்சி திணறுகிறார், கோப்பை காலி. நீதிபதி அதட்டுகிறார், அவர் தோளுக்குப் பின்னால் இருந்து காட்டும்போது கோப்பையே இல்லை. ஒன்றரை நிமிடக் காட்சி! நடிகை பாவம் எத்தனை தடவை குடித்தாரோ.

இரண்டாவது இடம் பார்வையாளர் வரிசை. துணை நடிகர்கள் குறைவு, பெஞ்சு அதிகம். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கட்டம் போட்ட கோட்டுக்காரர் அடுத்த ஷாட்டில் அரசுத் தரப்புக்குப் பின்னாலும் உட்கார்ந்திருப்பார். அந்த மூலை காலியாகத் தெரிகிறதே என்று யாரோ அவரை நகர்த்தியிருக்கிறார்கள்.

மூன்றாவது, ஆதாரப் பொருளின் சீட்டு. பல கோர்ட்டுகளில் ஒரு தரப்பின் பொருளுக்கு எண்ணும் மறுதரப்புக்கு எழுத்தும் போடுவார்கள். துப்பாக்கிக்கு முதலில் கொடுத்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த நாள் விசாரணையில் அதே எண்ணா என்று பாருங்கள். கார் காட்சிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, வெளியே ஓடுகிற கார் வேறு, உள்ளே உட்கார்ந்து பேசுகிற கார் வேறு, எல்லா எபிசோடிலும் அப்படித்தான்.

5. பிணமும் துப்பாக்கியும்

இறந்த நேரம்தான் இந்தத் தொடர்களின் நிரந்தரப் பொய். டாக்டர் கூண்டில் ஏறி "10.10-க்கும் 10.25-க்கும் நடுவில்" என்பார். உடல் சராசரியாக மணிக்குச் சுமார் ஒன்றரை டிகிரி பாரன்ஹீட் குளிரும் என்பது வெறும் தோராயக் கணக்கு. அறையின் சூடு, உடம்பின் பருமன், உடுப்பு, காற்று எல்லாம் அதை மாற்றும். விறைப்பு தாடையிலும் இமையிலும் இரண்டிலிருந்து நாலு மணி நேரத்தில் தெரிய ஆரம்பித்து, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பிடித்து, ஒரு நாளைத் தாண்டித் தளரும். ரத்தம் தாழ்ந்த பக்கமாகத் தேங்கி, எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் நிறம் அப்படியே நிலைத்துவிடும். இவ்வளவை மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள், "இறந்து பத்து மணி நேரம் ஆகிறது" என்று டாக்டர் சொல்லும்போது போலீஸ்காரர் பிணத்தின் கையைத் தூக்குவார், கை துணி மாதிரி தொப்பென்று விழும். விழக் கூடாது.

துப்பாக்கியில் முதல் கேள்வி: ரிவால்வரா, பிஸ்டலா? உருளை சுழல்கிற ரிவால்வர் சுட்ட தோட்டாவின் காலி உறையை வெளியே தள்ளாது, அது உருளைக்குள்ளேயே இருக்கும். கொலைக் கருவி ரிவால்வர் என்று சொல்லிவிட்டு, கம்பளத்தில் காலி உறை கிடைத்தது என்றால் கொலையாளி நின்று நிதானமாக உருளையைத் திறந்து கொட்டியிருக்க வேண்டும். சிலர் மறுபடி தோட்டா நிரப்பக் கொட்டுவார்கள், அதனால் ஒரே ஒரு உறை கிடந்தால்தான் சந்தேகப்படுங்கள். ரிவால்வரில் சைலன்சர் மாட்டுவது இன்னொரு பழைய வேடிக்கை. உருளைக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் சத்தம் வெளியே போய்விடும், அந்த இடைவெளியை அடைக்கிற ரஷ்ய நாகாந்த் மாதிரி அபூர்வமான ஒன்றிரண்டு மட்டும் விதிவிலக்கு. பிஸ்டலில் மாட்டினாலும் "புஸ்" என்று வராது. துப்பாக்கிச் சத்தம் சுமார் 160 டெசிபல், நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். பக்கத்து அறையில் ஆள் தூங்கிக்கொண்டிருந்தார் என்ற கதை அங்கேயே ஆட்டம் காணும்.

துப்பறிவாளர் துப்பாக்கிக் குழாய்க்குள் பென்சிலை விட்டுத் தூக்குவார், அல்லது கைக்குட்டையால் பிடிப்பார். முதலாவது குழாய்க்குள் இருக்கும் தடயத்தைக் கெடுக்கும், இரண்டாவது கைரேகையைத் துடைத்தேவிடும். பழைய கதைகளில் கைக்கு மெழுகு பூசி வெடிமருந்து சோதிப்பார்கள், அந்தச் சோதனை நைட்ரேட்டைத்தான் காட்டும், புகையிலையும் உரமும் தொட்ட கைக்கும் பலன் வரும். ஆனால் அந்தக் காலப் போலீஸ் நிஜமாகவே அதை நம்பியது, எனவே அதைத் தொடரின் பிழை என்று எழுத மாட்டேன். மயக்க மருந்து நனைத்த துணியை மூக்கில் வைத்து மூன்று விநாடியில் சாய்ப்பதைத் தாராளமாக எழுதலாம், குளோரோஃபார்முக்கு நிமிடக்கணக்கில் ஆகும்.

6. கோர்ட்டுக்குள்

இங்கே ஒரே ஒரு பிழை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்: சந்தேகத்துக்குரிய அத்தனை பேரும் பார்வையாளர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் சாட்சியத்தை இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பது. அமெரிக்க நடைமுறையில் ஒரு தரப்பு கேட்டாலே போதும், இன்னும் சாட்சி சொல்லாதவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் கதை கட்டக் கூடாது என்பதற்காக. வக்கீல் திரும்பிப் பார்த்து விரல் நீட்டக் கொலையாளி அங்கே இருந்தாக வேண்டும் என்பதால் தொடர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. அரசு வக்கீலின் மேஜையில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அவருக்கு விலக்கு உண்டு.

அடுத்தது ஆட்சேபணைகள். யார் யாரைக் கேட்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிலை வாயில் வைத்துக் கேட்கிற கேள்வி, தன் சாட்சியைத் தானே விசாரிக்கும்போதுதான் கூடாது. குறுக்கு விசாரணையில் அது சாதாரணம், அங்கே எழுந்து ஆட்சேபித்தால் ஆட்சேபிப்பவர் பிழை, நீதிபதி ஏற்றுக்கொண்டால் இரட்டைப் பிழை. வக்கீல் கேள்வியே கேட்காமல் மூன்று நிமிடம் தன் கொலைக் கதையைப் பிரசங்கம் பண்ணும்போது எதிர்த்தரப்பு வாயை மூடிக்கொண்டிருப்பதையும் எழுதுங்கள். சாட்சிக்குப் பக்கத்தில் போய்க் கூண்டில் கையூன்றிக் குனிவது பல கோர்ட்டுகளில் நீதிபதியின் அனுமதி இல்லாமல் முடியாது.

கடைசியில் வாக்குமூலம். கூண்டில் ஒருவர் "ஆமாம், நான்தான்!" என்று ஆரம்பித்த உடனே, நிஜத்தில் நீதிபதி பெரும்பாலும் அங்கேயே நிறுத்தி, உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டுமா என்று கேட்பார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமை சாட்சிக்கும் உண்டு. இதை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. இந்த வகைக் கதையின் அஸ்திவாரமே அதுதான், அதை எடுத்துவிட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

7. எழுதுவதற்கு முன் எதைப் பார்த்தீர்கள் என்று பாருங்கள்

நீங்கள் பார்த்தது முழு எபிசோடா? அந்தக் காலத்தில் 50 நிமிடத்துக்கு மேல் ஓடிய எபிசோடை மறுஒளிபரப்பில் விளம்பரத்துக்காக வெட்டியிருப்பார்கள். "சாவி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லவே இல்லை" என்பது வெட்டியவரின் பிழையாக இருக்கலாம். சதுர டிவிக்காக எடுத்ததை அகலத் திரைக்கு விரித்திருந்தால், ஓரத்தில் மைக்கும் விளக்குக் கம்பமும் தெரியும், எடுத்தவர்கள் அது திரையில் வரும் என்று நினைத்தே இருக்க மாட்டார்கள். டப்பிங்கில் பார்த்திருந்தால் வசனப் பிழை எதையும் மூலத்தில் கேட்காமல் நம்ப வேண்டாம்.

8. குறிப்பு எழுதும் விதம்

நேரம், முன் ஷாட்டில் என்ன, பின் ஷாட்டில் என்ன, வேறு என்ன காரணம் இருக்கலாம், முடிவை இது தொடுகிறதா. ஐந்தே விஷயம். உதாரணமாக: "31 நிமிடம் 12 விநாடி. அரசு வக்கீல் மேஜையில் துப்பாக்கிக் குழாய் இடப்பக்கம் பார்க்கிறது. 31.15-இல் வலப்பக்கம். நடுவில் யாரும் தொடவில்லை, மேஜைப் பக்கம் இருக்கும் மூன்று பேரும் ஒரே ஷாட்டில் தெரிகிறார்கள். முடிவைத் தொடாது." கடைசிக் கேள்விதான் எடை போடும் தராசு. தண்ணீர்க் கோப்பை நூறு முறை நிரம்பட்டும், கதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கொலையாளியை மாட்டிவிட்டதே அந்தக் காலி தோட்டா உறைதான் என்று இருந்து, துப்பாக்கி ரிவால்வராக இருந்தால், தீர்ப்பே தப்பு.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாத குறிப்புகளைத் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் முதல் வரி, கொலை நடந்த அறையின் ஜன்னல் திரை. பிணம் கிடைக்கும்போது மூடியிருக்கிறது, புகைப்படக்காரர் வரும்போது திறந்திருக்கிறது, கடைசிவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலு முறை பார்த்துவிட்டேன், பக்கத்தில் இன்னும் கேள்விக்குறிதான்.